பிடியரிசியும் இரண்டு காசும்



மிஷனரி ஊழியத்துக்குக் கொடுப்பது என்றதும், “அது பணக்காரர் செய்கிற காரியம். விடியற்காலையில் எழுந்து பால் வெட்டப் போகிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. சம்பள நாளன்று மளிகைக் கடைக்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், பழைய கடனுக்கும் பங்கு போட்ட பிறகு கையில் எவ்வளவு நிற்கும் என்பது தெரிந்த கதைதான். ஆனாலும் மிஷன்களின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. பெரிய தனவந்தர்களின் கொடையால் கட்டடங்கள் எழும்பின, அவற்றில் அவர்கள் பெயரும் பொறிக்கப்பட்டது. மாதாமாதம் மிஷனரியின் வீட்டில் அடுப்பு எரிந்ததோ, பல இடங்களில், கூலி வேலை செய்தவர்களும் வீட்டுப் பெண்களும் சேர்த்த சில்லறைக் காசினால்தான். அது எப்படி நடந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் சிங்கப்பூருக்குப் போவோம். தேக்காவுக்குப் போயிருப்பவர்கள் சிராங்கூன் சாலையை அறிவார்கள். அங்கிருந்து சிலிகி சாலைப் பக்கமாக நடந்தால் ஷார்ட் ஸ்திரீட் என்ற தெரு வரும். பெயருக்கேற்ற குட்டைத் தெருதான். தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தத் தெருவில் ஒரு கடைவீட்டில், ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. தொடங்கியவர் சோபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி. அதற்கு முந்தின மாதம்தான் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். எங்கள் பெண்களுக்கும் படிப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் நம் தமிழ்த் தந்தையர் சிலரே. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதா என்று ஊரே முகம் சுளித்த காலத்தில் அவர்கள் அப்படிக் கேட்டார்கள். அன்று ஒன்பது பேரோடு தொடங்கிய அந்தப் பள்ளிதான் பிற்காலத்தில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாகி, 1992-இல் புக்கித் தீமா பக்கம் இடம் மாறி, இன்றும் நடக்கிறது. அது இருக்கும் சாலைக்கே பிளாக்மோர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த அம்மையாருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? சிங்கப்பூரில் மெதடிஸ்ட் மிஷன் தொடங்கியதே 1885-இல்தான். இந்தியாவில் ஊழியம் செய்துவந்த தோபர்ன் ஐயரும், பெங்களூரில் பிறந்த ஓல்டம் ஐயரும் வந்து தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பண மூட்டை எதுவும் இல்லை. பெண்களுக்கான ஊழியத்தை அமெரிக்காவில் மினசோட்டா என்ற மாநிலத்துச் சபைப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். குளிர்காலத்தில் ஏரிகளே உறைந்து கல்லாகிப் போகிற ஊர் அது. அந்தப் பெண்கள் சிங்கப்பூரைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். நம் வெயிலும் மழையும் எப்படியிருக்கும் என்பதையும் அறியாதவர்கள்.

அவர்கள் கொடுத்த முறையைக் கவனியுங்கள். 1869 மார்ச்சில் பாஸ்டன் நகரில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள் கூடி, பெண்களின் வெளிநாட்டு மிஷன் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் வாரம் இரண்டு காசு கொடுப்பது, அதோடு ஒரு ஜெபம் செய்வது: இதுதான் அவர்கள் வைத்த நிபந்தனை. ஆண்டு முழுவதும் சேர்த்தால் ஒருத்தியின் பங்கு ஒரு டாலரும் நான்கு காசும் ஆகும். அந்த இரண்டு காசைக்கூட கணவன் சட்டைப் பையிலிருந்து கேட்டு வாங்காமல், வீட்டுச் செலவில் சிக்கனம் பிடித்துச் சேர்த்தவர்கள் பலர். அதே ஆண்டு முடியுமுன் அந்தச் சங்கம் இருவரை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டது. ஒருவர் கிளாரா சுவேன் என்னும் மருத்துவர். பரேலியில் பெண்களுக்கு மருத்துவமனை கண்டவர். மற்றவர் இசபெல்லா தோபர்ன். லக்னோ கடைத்தெருவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர். சிங்கப்பூருக்கு வந்த தோபர்ன் ஐயரின் தங்கைதான் இவர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே இரண்டு காசு ஷார்ட் ஸ்திரீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

வாரம் இரண்டு காசு என்று வைத்ததில் ஒரு புத்தி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு டாலர் என்று கேட்டிருந்தால் ஏழைப் பெண்கள் ஒதுங்கியிருப்பார்கள். இரண்டு காசு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வாராவாரம் எடுத்து வைக்கிறபோது கொடுக்கிற காரியமும் மனத்தை விட்டு அகலாது.

கத்தோலிக்க நேயர்களுக்கு இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. அது நம்மைப் போன்ற தொழிலாளிகளின் கதை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரான்சு நாட்டில் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர் போனது. அங்கே 1799-இல் பிறந்த பௌலின் ஜாரிகோ என்ற பெண், தம் உறவினரின் பட்டாலையில் வேலை செய்த பெண்களைக் கூட்டினார். வாரம் ஒரு சூ கொடுங்கள் என்றார். சூ என்பது அந்நாட்டுச் செப்புக் காசு. பத்துப் பேருக்கு ஒருவர் அதை வசூலிப்பார். பத்துப் பத்தாகப் பத்துக் குழு சேர்ந்தால் நூறு. அந்த நூறு பேருக்கு ஒருவர் பொறுப்பு. அப்படியே நூறு பத்தாகப் பெருகினால் ஆயிரம். யாரும் ஊர் முழுக்க அலைய வேண்டியதில்லை. தன் பக்கத்துத் தறிக்காரியிடம் கேட்டால் போதும். தோட்டத்தில் ஒரு லயத்தில் பத்து வீடு என்று எண்ணிப் பாருங்கள், இந்த முறை எவ்வளவு சுலபம் என்பது விளங்கும்.

இந்த வசூல் 1822 மே 3-ஆம் தேதி விசுவாசப் பரப்புதல் சங்கம் என்ற பெயரில் முறைப்படி அமைந்தது. சங்கத்தின் உதவியைப் பெற்றவர்களில் பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களும் உண்டு. அந்தச் சபையைச் சேர்ந்த பூரேல் சுவாமியார் 1839-இல் சிங்கப்பூருக்கு வந்து, 1852-இல் புனித சூசையப்பர் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அதே சபைக் குருக்களின் பணியால்தான் 1888-இல் ஓபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று எழும்பியது. ஒவ்வோர் அக்டோபரிலும் கோயிலில் மிஷன் ஞாயிறு என்று தட்டு வருகிறதே, 1926-இல் நிலைபெற்ற அந்த வழக்கமும் இந்தச் சங்கத்தை ஒட்டி வந்ததுதான்.

ஆனால் ஜாரிகோ அம்மையாரின் கடைசிக் காலம் துயரமானது. 1840-களில் தொழிலாளர் குடும்பங்கள் கௌரவமாக வாழ்வதற்கென ஒரு மாதிரி ஆலை அமைக்க முயன்றார். நிர்வாகம் செய்ய நம்பியவர்கள் பணத்தை மோசம் செய்துவிட்டார்கள். அந்தக் கடனை அடைப்பதிலேயே அவருடைய மீதி வாழ்வு கழிந்தது. ஏழை என்று அதிகாரிகளிடம் சான்று பெறும் நிலைக்கு வந்து, 1862-இல் இறந்தார். நாற்பது ஆண்டுக்கு முன் அவர் காட்டிக் கொடுத்த பத்துப் பேர் வசூல், பத்துப் பேருக்கும் தெரிந்த கணக்கு. அது நின்று நிலைத்தது. நல்ல நோக்கத்தோடு சிலரை மட்டும் நம்பிப் பெருந்தொகையை ஒப்படைத்த முயற்சி முறிந்தது. 2022 மே மாதம் லியோனில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளிக்கப்பட்டது.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் கொடுத்தார்கள், தமிழன் வாங்கிக்கொண்டான் என்று எண்ணிவிடக் கூடாது. திருநெல்வேலிச் சீமையில் பனையேறிப் பிழைத்த சபையார், ஒரு பனையின் வருமானத்தை ஊழியத்துக்கென ஒதுக்குவதும், முதல் காய்ப்பைக் கோயிலுக்குக் கொண்டுவருவதும் உண்டு. வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை என்று உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1854-இல் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் கடல் தாண்டிப் போனார்கள். (கூலி என்ற சொல்லை அன்று கூசாமல் பெயரிலேயே எழுதினார்கள்.) ஆகத் தோட்டத் தமிழனுக்கு வேதம் சொல்ல வந்தவர்களில் தமிழரும் இருந்தார்கள்.

1902-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். வெள்ளாளன்விளையில் பிறந்த அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடலுக்கு இக்கரையில் தொண்டிப் பகுதியில் ஒரு மிஷனை நடத்துவதைக் கேட்டறிந்தார். யாழ்ப்பாணத்தாரால் முடியுமானால் திருநெல்வேலியாரால் ஏன் முடியாது என்ற எண்ணம் அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. இந்தியர் ஆள், இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் ஏற்பாடு. அவர்கள் தேர்ந்துகொண்டது ஐதராபாத் நிஜாம் நாட்டில் டோர்னக்கல் என்ற தெலுங்குப் பகுதி. போன தமிழர்கள் தெலுங்கை எழுத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு அசரியாவே குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார். 1912-இல் அவர் டோர்னக்கல் அத்தியட்சர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

டோர்னக்கலில் சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிறர் நிலத்தில் வேலை செய்த, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஏழைகள். இவர்களிடம் காணிக்கை கேட்பது நியாயமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அசரியா கேட்டார், கேட்காமலிருப்பதுதான் அவர்களைத் தாழ்வாக எண்ணுவது என்பது அவர் கொள்கை. பிடியரிசியும், முட்டையும், கோழிக்குஞ்சும் ஆலயத்துக்கு வந்தன. ஒருவனுக்கு எப்போதும் கொடுத்துக்கொண்டேயிருந்து, அவனிடமிருந்து ஒன்றும் வாங்க மறுத்தால் அவன் நிமிர்ந்து நிற்க மாட்டான். இது தோட்டத்தில் வாழ்கிற நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிசோ மலைமக்கள் இதையே இன்னும் பெரிதாகச் செய்து காட்டினார்கள். அங்கே மிஷனரிகள் போனது 1894-இல். 1910-இலேயே மிசோப் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். சபைப் பெண்கள் வீடு வீடாக அதைச் சேர்த்து விற்பார்கள். இன்று வரை அந்த வழக்கம் நிற்கவில்லை. அந்தச் சபை அனுப்பி ஆதரிக்கும் ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஒரு பிடி அரிசி எவ்வளவு வரும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிடி முப்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். இருவேளை சமையலுக்கு அறுபது கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 22 கிலோ ஆகும். ஐம்பது குடும்பம் உள்ள தோட்டத்தில் ஆயிரம் கிலோவுக்கு மேல் சேரும். எந்த வீட்டிலும் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்திருக்காது.

அப்படியானால் தோட்டத்துக் குடும்பம் ஒன்று எப்படித் தொடங்குவது? சம்பளம் வந்த அன்றே, கடைக்குப் போகுமுன், தொகை சிறிதானாலும் தனியே எடுத்து வைப்பதுதான் நல்லது. மாதக் கடைசியில் மிஞ்சினால் கொடுப்போம் என்று இருந்தால் மிஞ்சாது. பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையாருக்குச் சொன்னதும் இதுவே: வாரத்தின் முதல் நாளிலேயே, அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைப்பது. வரவுக்குத் தக்கபடி என்பதை மறந்துவிடக் கூடாது. மழையால் வேலை நாள் குறைந்த மாதத்தில் காணிக்கையும் குறையலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுப்பது கூடாது என்பது என் உறுதியான கருத்து. சீட்டுப் பணத்தையோ, பிள்ளையின் பள்ளிப் பணத்தையோ எடுத்துக் கொடுப்பதும் அப்படித்தான். கடையில் பாக்கி வைத்துவிட்டு ஆலயத்தில் தாராளம் காட்டினால், உண்மையில் கொடுத்தவர் கடைக்காரர். ஏழை விதவையின் இரண்டு காசைச் சொல்லி உங்களைக் கடன்படத் தூண்டுகிறவர் யாராயிருந்தாலும், அந்த விதவை போட்டது தன் சொந்தக் காசு என்பதை அவருக்கு நினைவுபடுத்தலாம்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பூசணிக்காயை நூறு வெள்ளிக்கு எடுத்துவிட்டு மார்தட்டுவது கலகலப்பாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் சொல்லித் தொகை வாசிக்கிற வழக்கத்தால், ஐந்து வெள்ளி கொண்டுவந்தவர் பின் வரிசையில் கூனிக் குறுகி உட்காருகிறார். அந்த ஐந்து வெள்ளி மாதாமாதம் வருமானால் மிஷனுக்கு அதுதான் பெரிய பலம்.

வசூலிக்கும் பொறுப்பை இருவரிடம் கொடுங்கள். ஒருவர் பெண்ணாக இருந்தால் நலம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தொகை, அனுப்பிய ரசீது எண் ஆகியவை இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் வாசித்துவிட வேண்டும். கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சிலர் பேசுவார்கள். பவுலே யூதேயா ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகச் சுமந்துபோக மறுத்தார். ஒருவரும் குறை சொல்லாதபடி, சபையார் தெரிந்தெடுத்தவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இன்று சிங்கப்பூரில் கட்டட வேலையிலும், கப்பல் பட்டறையிலும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடுகிறபோது, ஊரில் உள்ள ஊழியத்துக்கு என்று யாராவது பணம் திரட்டுவதும் நடக்கிறது. இதில் சட்டம் தெரிந்திருப்பது நல்லது. சிங்கப்பூரில் பொதுமக்களிடம் பணம் திரட்டி வெளிநாட்டு அறப்பணிக்கு அனுப்புவதானால் அறநிறுவன ஆணையாளரின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற அறநிறுவனங்களின் பெயர்களை அரசாங்க இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். இந்தியாவுக்கு அனுப்பினால் அங்கும் ஒரு சட்டம் காத்திருக்கிறது. 2010-இன் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற சங்கங்கள் மட்டுமே வெளிநாட்டு நன்கொடையைப் பெறலாம். 2020-இல் வந்த திருத்தத்தின்படி அந்தப் பணம் முதலில் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். இந்தியக் குடிமகனாக உள்ள ஒருவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தக் கணக்கில் சேராது. ஆகவே, என் சொந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், நான் சபைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும், சங்கத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான ஊழியர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

பணமே இல்லாதவர்கள் என்ன செய்வது? சிங்கப்பூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2006-இல் கிறிஸ்தவர்களான ஒரு மருத்துவரும் ஒரு வணிகரும் சேர்ந்து ஹெல்த்சர்வ் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கேலாங் வட்டாரத்தில் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்த்தார்கள். எந்த மதத்தவர் என்று கேட்பதில்லை. மருத்துவர்களும் தாதியரும் மற்றவர்களும் வேலை முடிந்த பிறகு வந்து தங்கள் நேரத்தைக் கொடுத்தார்கள். தோட்டத்திலும் இப்படிப்பட்ட வேலை ஏராளம். ஊழியர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்தால் ஒரு வேளைச் சாப்பாடு போடலாம். அவர் பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் மாதம் ஒரு கடிதம் எழுதலாம். தூர நாட்டில் மொழி தெரியாத ஊரில் இருப்பவருக்கு ஊர்க் கடிதம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற பெற்றோருக்கு நன்றாகவே தெரியும். மிஷனரியின் தேவை பிரசங்க மேடைக்கான பணம் மட்டும் என்று எண்ணிவிடுகிறோம். மருந்துச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, ஊரிலிருக்கும் வயதான தாய் தகப்பனின் பராமரிப்பு இவையும் அவருக்கு உண்டு.

ஷார்ட் ஸ்திரீட்டுக்கு மறுபடி வருவோம். 1976-இல் சிங்கப்பூரின் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் இம்மானுவேல் தமிழ் மாநாடு என்ற பெயரில் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்தத் தொடங்கின. 1991-இல் சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை முழுவதற்குமாக ஒரு மிஷன் சங்கம் அமைந்தது. கம்போடியா, நேபாளம் முதலிய நாடுகளில் அது பணி செய்கிறது. மினசோட்டாப் பெண்கள் பார்த்திராத சிங்கப்பூருக்குக் காசு அனுப்பினார்கள். இப்போது சிங்கப்பூர்ச் சபையார், தாங்கள் பார்த்திராத நேபாள மலைக் கிராமத்துக்கு அனுப்புகிறார்கள்.